செம்பிக்கு விழுந்த தொப்பை

செம்பி, மீனை ஏமாற்றக் கோழியிறகும் நூலும் சுற்றிச் செய்த தூண்டில் பூச்சி. தூண்டில்காரர் அதன் வயிற்றில் எபாக்சி பசையைப் பூசினார். அது வழியாமல் சீராக இறுகட்டும் என்று சுழலும் சக்கரத்தில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் செம்பிக்குத் தலை சுற்றியது. "சக்கரத்தண்ணே, ஒரு நிமிஷம் நில்லுங்களேன்."

"நின்னா பசை ஒரு பக்கமா இறங்கிடுமேம்மா" என்றது சக்கரம். ஆனாலும் யாராவது கெஞ்சினால் அதற்கு மனசு கேட்காது. நின்றது. நின்ற சுகத்தில் இரண்டும் கண்ணயர்ந்துவிட்டன.

விழித்தபோது பசை இறுகி, செம்பிக்குத் தொப்பை விழுந்திருந்தது. முந்தின நாளே காய்ந்து வழவழவென்று மின்னிய நீலன் என்ற இன்னொரு தூண்டில் பூச்சி, "இதோடயா தண்ணியில இறங்கப்போறே?" என்று சிரித்தது. செம்பி கூசிப்போய் இறகால் வயிற்றை மூடிக்கொண்டது.

மறுநாள் ஆற்றில் நீலனை எந்த மீனும் சீண்டவில்லை. சலித்துப்போய்த் தூண்டில்காரர் செம்பியை வீசினார். தொப்பை ஒரு பக்கமாக இழுக்க, அது அடிபட்ட பூச்சிபோலத் தள்ளாடிப் போனது. பெரிய கெண்டை ஒன்று பாய்ந்து வந்து கவ்வியது. கரைக்கு வரும்வரை மீனைவிடச் செம்பிதான் அதிகம் துள்ளியது.

தூண்டில் பெட்டிக்குள் திரும்பியதும் நீலன் மெல்ல அதன் பக்கம் நகர்ந்தது. "ஏன் செம்பி, இனிமே நல்லாச் சாப்பிட்டா எனக்கும் தொப்பை வருமா?"