வெறுங்கால்

இயந்திரம் பழுதான படகில் சுலைமானும் சூசையப்பனும் நான்கு நாள் கடலில் கிடந்தார்கள். உயிரோடு கரை சேர்ந்தால் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாகச் சூசை நேர்ந்துகொண்டான். “நான் மறந்தா நீ விடாத பாய்” என்றான். சுலைமான் சரி என்றான்.

கரை சேர்ந்த மறுமாதமே, நேர்ச்சையைச் செலுத்தும் முன்பே, மஞ்சள்காமாலையில் சூசை இறந்துபோனான்.

அதன்பிறகு சுலைமானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பங்குச்சாமியாரிடம் போய்க் கேட்டான். “இறந்தவரோட நேர்ச்சை அவரோட முடிஞ்சுது. உங்களுக்குப் பொறுப்பில்ல” என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், “நீங்க செஞ்ச நேர்ச்சை இல்லியே” என்றார்.

“அதான் ரெண்டு பேரும் வேண்டாம்னுட்டாங்களே, இன்னும் என்ன?” என்றாள் மனைவி ரகுமத்.

“அவங்க ரெண்டு பேரும் படகுல இல்லியே.”

மறுநாள் காலை செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான். வெயில் ஏற ஏறத் தார்ச்சாலை காலைச் சுட்டது. மதியத் தொழுகைக்கு வழியில் ஒரு பள்ளிவாசலில் நுழைந்தான். தொழுது வெளியே வந்தபோது படியில் நின்ற ஒருவர் அவன் பாதங்களைப் பார்த்தார்.

“செருப்பு காணாமப்போச்சா?”

“இல்ல, போட்டு வரல.”

“இந்த வெயில்ல எங்க போறீங்க?”

சுலைமான் கோயில் இருக்கும் திசையைக் கைகாட்டினான். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் சாலையில் இறங்கிவிட்டான்.