ஒன்பது மணி மீட்டிங்

“ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டா, காலையில ஒன்பது மணிக்குச் சரியா வேலை செய்யுமாக்கா?” என்று கேட்டான் ஜெகதீஷ்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நாட்டு மருந்துக் கடையில், பேதிக்குக் கொடுக்கும் நிலாவரைப் பொடியை எடை போட்டுக்கொண்டிருந்த ரஹமத் பீவி நிமிர்ந்தார்.

“எத்தனை நாளா வெளிய போகலை?”

“அதெல்லாம் தினமும் நல்லாத்தான் போவுதுக்கா. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கம்பெனியில மீட்டிங். பெங்களூர்லேர்ந்து டைரக்டர் வர்றாரு. போன மாசம் என் லைன்ல நானூறு பீஸ் ரிஜெக்ட். எங்க மேனேஜர் அண்ணாதுரையே ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை.”

“வயித்து வலின்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“பொய்யா வயித்தைப் பிடிச்சா கம்பெனி நர்ஸம்மா கண்டுபிடிச்சுடுவாங்க.”

“அரை ஸ்பூனுக்கு மேல போடாத தம்பி. அடிக்கடியும் சாப்பிடாத, குடல் பழகிடும். அப்புறம் இது இல்லாம அசையாது” என்றவர், டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். “இதுதான் கடைசி. காலையிலேர்ந்து என்னவோ இதுக்கே ஆள் வர்றாங்க.”

அன்று ராத்திரி பத்து மணிக்கு ஜெகதீஷ் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டான்.

மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கம்பெனிக் கழிவறைக்கு ஓடினான். ஆறு கதவுகளில் ஐந்து மூடியிருந்தன. ஆறாவதில் நுழைந்து தாழ்ப்பாள் போட்டான்.

“நீயுமாப்பா?” என்றது பக்கத்து அறையிலிருந்து அண்ணாதுரையின் குரல்.

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லது” என்றார் டைரக்டர். “நானூறு ரிஜெக்ட் யாரு? நீங்களே ஆரம்பிங்க.”

பாதியில் யாருமே எழுந்து போகாத மீட்டிங், அந்தக் கம்பெனியில் நடந்தது அதுதான் முதல் தடவை.