ஈரம் படாத இடம்

யாரோ திருப்பிக் கொடுத்த, தரை துடைக்கும் ரோபோ, ஜூன் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைத்தது. டீகன் அதையே எடுத்தாள்.

“ஏன்டா திருப்பினாங்க?”

“ஆள் நிக்கிற மாதிரி வெறும் இடத்தைச் சுத்திப் போகுதாம். நீதான் தனிக்கட்டையாச்சே, துணைக்கு வச்சுக்கோ,” என்று சிரித்தான் கடையில் வேலை செய்யும் நண்பன் பிராடி.

மதியம் வாடகை வீட்டைச் சோதிக்க ஏஜென்ட் வருகிறாள். தரையில் கறை கண்டால் வீடு போச்சு. பிரிஸ்பேனில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐம்பது பேர் காத்துக் கிடக்கிறார்கள்.

சமையலறையில் வெறுங்காலோடு நின்றபடியே ரோபோவை ஓடவிட்டாள். அது அவளைச் சுற்றித் துடைத்துவிட்டு நகர்ந்தது. கதவோரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் ஈரம் படாமல் இரண்டு பாதத் தடங்கள். குதிகாலை ஒட்டி, பின்னால் இன்னும் இரண்டு.

ரோபோ திரும்பி வந்து நான்கையும் சுத்தமாகத் துடைத்தது. பிறகு கதவோரம் வந்து, அவளைச் சுற்றி, இரண்டு ஆள் அகலத்துக்கு வளைந்து போனது.