பின்னறை விளக்கு

திரைச்சீலைகளை இழுத்து மூடியதும், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த பிற்பகல் மூன்று மணி, அந்த அறைக்குள் மட்டும் அந்தியாகிவிட்டது.

"நொலீன், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்," என்று லாய்ட் மனைவியைக் கூப்பிட்டார்.

"என் ஹேர் ஸ்ப்ரே எங்க போச்சுன்னு முதல்ல சொல்லு, வர்றேன்."

டப்பா காலியாகி மேசைக்கடியில் உருண்டு கிடந்தது. அதில் இருந்ததெல்லாம் தகரக் கூரைக்குப் போய்விட்டது. முதலில் துரு நிறம், அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே, அதன் மேல் சாம்பல் வண்ணம். காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் மேல்பூச்சு அங்கங்கே உரிந்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். மேரிபரோ ஊர் மழையில் நாற்பது வருடம் நனைந்த கூரையை மூன்றே வாரத்தில் கொண்டுவந்துவிட்ட பெருமை லாய்ட்டுக்கு இருந்தது.

மேசைமேல் நின்றது அவர்களுடைய வீடுதான். உயரமான மரக்கால்களின் மேல் நிற்கும் மரவீடு. அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் அவர் செய்த மாடல்.

அசல் இப்போது இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்த நேரத்தில் எரிந்துபோனது. நொலீனுடைய அம்மாவின் பியானோவும் கல்யாண ஆல்பமும் அதோடு போயின.

எலி ஒயரைக் கடித்திருக்கும் என்று ஊர் முடிவுகட்டியது. லாய்ட் வாயைத் திறக்கவில்லை.

பின்பக்கத் தாழ்வாரத்தைப் பலகையால் அடைத்து உண்டாக்கிய சின்ன அறையில்தான் அவர் அப்போதெல்லாம் மாடல் ரயில்கள் செய்வார். அன்று காலையும் அங்கே ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் காரில் ஏறி ஹாரன் அடித்தார். நொலீன் வழக்கம்போல் வீட்டைச் சுற்றிவந்து பூட்டினாள். ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை அணைக்கவில்லை என்பது, திரும்பி வரும் வழியில் புகையைப் பார்த்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது.

அதைப் பதினோரு வருடமாக நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார்.

இன்று சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருட வேலை இதற்காகத்தான். விளக்கைப் போட வேண்டும், அவள் முகம் மலர வேண்டும், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகு அவள் தன்னோடு இருப்பாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது.

நொலீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். லாய்ட் முதல்முறையாகச் சுவிட்சைத் தட்டினார்.

முன்வாசல் விளக்கு, கூடம், படுக்கையறை, சமையலறை. சுவர்களின் உட்பக்கம் முழுவதும் கறுப்பு அடித்திருந்ததால் வெளிச்சம் பலகையில் கசியாமல் ஜன்னல் வழியாக மட்டும் வந்தது. படியோரத்தில் ஜகரண்டா மரம் ஊதாப் பூவை உதிர்த்துக்கொண்டு நின்றது.

நொலீன் தரையில் மண்டியிட்டாள். கன்னம் கூரையில் படும் அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணால் கூடத்துக்குள் பார்த்தாள். பியானோ இருந்தது. அதன்மேல் விரித்த துணியில் அவள் போட்ட பூவேலைகூட இருந்தது. அவள் மூச்சு பட்டு ஜன்னல் திரை அசைந்தது.

கொஞ்ச நேரம் இருவருமே அந்த வீட்டுக்கு வெளியே இல்லை. மூன்றாவது படி கிரீச்சிட்டதை லாய்ட் கேட்டார். மரக்கால்களுக்கு நடுவே தவளைகள் கத்தின. யாரோ உள்ளே ஒரே ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு நிறுத்தினார்கள். அழுகை வந்துவிடும் போல் இருந்தது அவருக்கு, சந்தோஷத்தில்.

நொலீன் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து வீட்டின் பின்பக்கம் வந்தாள்.

அப்போதுதான் லாய்ட்டும் பார்த்தார்.

முற்றத்தில் சருகு எரிக்கும் தகரப் பீப்பாய்க்கென்று ஒரு பல்பு வாங்கியிருந்தார். நெருப்புப் போலச் செம்மஞ்சளாகத் துடிக்கிற பல்பு. எரியாதபோது அதுவும் பின்னறைக்கு வாங்கிய வெள்ளை பல்பைப் போலவே நிறமில்லாத கண்ணாடிக் கடுகுதான். இரண்டையும் ஒரே ஜாம் பாட்டில் மூடியில் போட்டு வைத்தது அவர் செய்த மடத்தனம்.

பீப்பாய்க்குள் வெள்ளை வெளிச்சம் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

பின்னறை ஜன்னலில் நெருப்பு துடித்தது.

லாய்ட் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். நொலீன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அந்தச் செம்மஞ்சள் ஏறி இறங்கியது.

"நொலீன், நான் அன்னைக்கு..."

"தெரியும். பூட்டப் போனப்ப பார்த்தேன்," என்றாள், ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த அயர்னோட குட்டிச் சிவப்பு லைட் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. முந்தின நாள் சண்டை, ஞாபகம் இருக்கா? நீ வேற ஹாரனைப் போட்டு அடிச்சுட்டு இருந்தே. இவன் வச்சதை இவனே வந்து அணைக்கட்டும்னு கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

லாய்ட் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. அவளுடைய விரல்கள் சில்லென்றிருந்தன.

சுவிட்ச் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அன்று போலவே இன்றும் இரண்டு பேரில் யாரும் அதை அணைக்கவில்லை.