ஜார் காலத்துப் பெட்டி

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ரஷ்ய ஜார் மன்னர் காலத்துப் பழைய நகைகளை வாங்கி விற்பவர் ஞானசுந்தரம். அவருடைய மகள் தர்மிகா, மாடியில் அம்மாவின் அலுமாரிக்குள் கிடந்த சின்னப் பெட்டியொன்றோடு கடைக்குள் ஓடிவந்தாள்.

"அப்பா, மூடியில இரட்டைத்தலைக் கழுகு! ஜார் காலத்துப் பெட்டி. அந்தக் காலத்துப் பெட்டி இல்லாததாலதானே எங்கட வைரப் பதக்கம் விலை படியேல்லை? இது அளவெடுத்தமாதிரி இருக்கு."

"அதைத் தொடாதை பிள்ளை. அதுக்குள்ள அம்மாவின்ர தாலி கிடக்கு."

"தாலி அம்மாவின்ர கழுத்தில எல்லோ கிடக்கு?"

"அது பிறகு செய்தது."

தர்மிகா திறந்தாள். நீல வெல்வெட்டில், வெளிறிப்போன நூலில் கட்டிய மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்று சுருங்கிக் கிடந்தது.

"அகதி முகாமில கலியாணம். பவுண் வாங்க ஏலாது. தாலியை வைக்கிற பெட்டியாவது வடிவாய் இருக்கட்டும் எண்டு பழைய சாமான் சந்தையில வாங்கினனான். இது ஆரின்ர பெட்டியெண்டு தேடிப்போய்த்தான் இந்தத் தொழிலுக்கே வந்தனான். இதை விக்கமாட்டன்."

பின்னால் வந்து நின்ற தாய் யோகம் மஞ்சளை மட்டும் எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"கொப்பருக்கு எப்பவும் பெட்டிதான் பெரிசு. நீ கொண்டுபோய் வித்துப்போடு, பிள்ளை. எனக்கு இது போதும்."