காந்தம் ஒட்டிய கூரை

"இது ஃபைபர் கூரைம்மா. இதுல காந்தம் எப்படி ஒட்டும்?"

நிலைய அதிகாரி வயர்லெஸ் மெக்கானிக்கிடம் கேட்டார். ஏணியில் நின்றபடி அவள் மறுபடியும் ஆன்டெனாவைத் தீயணைப்பு வண்டியின் கூரைமேல் வைத்து லேசாக இழுத்துப் பார்த்தாள். அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நல்ல காந்தம். ஆனாலும் சர்ரென்று சறுக்கிக்கொண்டு அவள் கைக்கே வந்துவிட்டது.

"ஒட்டுச்சு சார்! மூணு வருஷம் முன்னாடி இதே கையாலதான் வச்சேன். டப்புனு பிடிச்சுக்கிச்சு. அதனாலதான் தகரக் கூரைன்னு நம்பினேன். மேல சிவப்புப் பெயிண்ட் வேற. பார்த்தா எப்படித் தெரியும்?"

"அப்ப தகரம், இப்ப ஃபைபர். நடுவுல யாராவது கூரையை மாத்திக்கிட்டுப் போயிட்டாங்களா?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் சிரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, "பெயிண்ட்ல இரும்புத்தூள் ஏதாவது கலந்திருக்குமோ? மழையில கரைஞ்சிருக்கும்," என்றார்.

"உங்க மூளைதான்யா கரைஞ்சிருக்கு," என்றார் அதிகாரி.

அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? போன வாரம் மரக் கிடங்கில் தீ. வண்டி பறந்து போகும்போது, ஒரு திருப்பத்தில் ஆன்டெனா கழன்று விழுந்து, ஒயரில் தொங்கிக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. கிடங்குக்குப் போய் மைக்கை எடுத்துக் கத்தினால், கண்ட்ரோல் ரூமுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் தெருக்கோடிக் கடைக்கு ஓடி, போன் வாங்கிப் பேசி, இரண்டாவது வண்டி வந்து சேர்வதற்குள் உள்ளே போன ஒரு வீரருக்குக் கை வெந்துவிட்டது. இப்போது அவர் கட்டோடு வீட்டில் இருக்கிறார்.

"சாயங்காலம் மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்மா. கூரை எதுன்னு கூடப் பார்க்காம வேலை செஞ்சீங்கன்னுதான் சொல்லப் போறேன். இனிமே எங்க துறையில ஒரு வண்டியையும் நீங்க தொட முடியாது."

அவள் ஏணியை விட்டு இறங்கினாள். முகம் வாடிப்போயிருந்தது.

"வேலை போனா போகட்டும் சார். அந்த ஆள் கை என்னாலதான் வெந்துச்சான்னு எனக்குத் தெரியணும். ஒரு வாரமா சோறு இறங்கல."

அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, சொல்லுங்க. என்ன தோணுது?"

"ஒட்டினது மட்டும் இல்ல சார். இந்த மாதிரி ஆன்டெனாவுக்கு அடியில தகடு மாதிரி ஏதாவது இருந்தாதான் குரல் தூரமா போகும். வெறும் ஃபைபர்மேல வச்சா ரெண்டு தெரு தாண்டுறதே பெருசு. ஆனா மூணு வருஷம் கண்ட்ரோல் ரூம்ல கணீர்னு கேட்டிருக்கே?"

"எனக்கு என்ன தெரியும்? நான் இங்க வந்தே ரெண்டு வாரம்தான். டிரைவர், நீங்க சொல்லுங்க."

"கேட்டுச்சு சார்," என்றார் டிரைவர். "பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி கேட்டுச்சு. ஏம்மா, தகடுன்னா பெருசா இருக்கணுமா? சின்னது போதுமா?"

"ஒரு கை நீளமாவது வேணும்ணே."

"ஓட்டை கீட்டை இருந்தா பரவாயில்லையா?"

"பரவாயில்ல. ஏன்ணே கேக்குறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "சார், கூரைக்குக் கீழ, உள்பக்கம் ரெக்ஸின் தைச்சிருக்கே, அதுக்கும் கூரைக்கும் நடுவுல ஏதாவது இருக்குமோ?"

அடுத்த நிமிஷம் இருவரும் வண்டிக்குள் இருந்தார்கள். டிரைவர் மட்டும் வெளியிலேயே நின்றார். டிரைவர் இருக்கைக்கு நேர் மேலே ரெக்ஸின் ஓரம் ஏற்கெனவே பிரிந்துதான் இருந்தது. அவள் ஆவலோடு கையை விட்டுத் துழாவினாள். தோள்வரைக்கும் விட்டுத் துழாவினாள். கையில் வந்தது கொஞ்சம் ஸ்பாஞ்சும் ஒரு கை தூசியும்தான்.

"ஒண்ணும் இல்ல சார்."

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். ஸ்பேனர், ஒயர், மீட்டர் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் போட்டாள். "நான்தான் ஏதோ தப்பா பார்த்திருக்கேன். அப்படியே எழுதிடுங்க. அந்த அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் வாசலைத் தாண்டப் போகும்போது டிரைவர் ஓடிப்போய் வழியை மறித்தார்.

"போகாதம்மா! நீ சரியாத்தான் பார்த்திருக்கே. சார், அங்க தகடு இருந்துச்சு. நான்தான் வச்சிருந்தேன். இவ ஆன்டெனா மாட்ட வர்றதுக்கு முன்னாடியே வச்சது. நீங்க புதுசா வந்து எல்லாத்தையும் நோண்டிப் பார்க்கவும், பயந்துபோய் உருவிட்டேன். வர மாட்டேன்னு மேலயிருந்து யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு சார். காந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாளே தீ. அவன் கை வெந்தது என்னாலதான் சார்."

"என்ன தகடுய்யா அது? ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

டிரைவர் வண்டியின் பின்பக்கம் போனார். அங்கே தண்ணீர்க் குழாய்ச் சுருளுக்கு அடியிலிருந்து ஒரு நீளமான தகரப் பலகையை இழுத்து வந்து, தலையைக் குனிந்தபடி அதிகாரியின் கையில் கொடுத்தார்.

அதிகாரி தூசியைத் துடைத்துவிட்டு, சத்தமாகப் படித்தார்: "பணி நேரத்தில் வண்டிக்குள் படுத்துத் தூங்கக் கூடாது."