பெலிக்கன் விரிகுடாவுக்கு எந்தக் கப்பல்?

ஆஸ்திரேலியாவின் ப்ரூம் நகரத்துச் சுற்றுலா அலுவலகத்துக்குள் செம்மண் படிந்த ரப்பர் செருப்போடு வந்து நின்ற அந்தப் பெண் வாயைத் திறக்குமுன்பே, அங்கே வேலை பார்க்கும் கிளைவ் அரைநாள் மீன்பிடிப் படகுக்கான விளம்பரத்தாளை நீட்டிவிட்டான்.

“இது வேண்டாம். வடக்கே பெலிக்கன் விரிகுடாவுக்குப் போற சொகுசுக் கப்பல்ல நல்லது எது?”

“அதெல்லாம் பத்து நாள் பயணம்மா. விலை கொஞ்சம்...”

“விலையை நான் கேக்கலையே.”

கிளைவ் வேண்டாவெறுப்பாக மூன்று கப்பல்களின் படங்களைப் பரப்பினான். “இதுல ஹெலிகாப்டர் இருக்கு. இதுல அறைக்கு ஒரு பணியாள்.”

“கரையில இறங்குறதுக்கு முன்னாடி பேரைச் சொல்வாங்களா?”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “அறைக் கதவுலயே தங்க எழுத்துல பேர் இருக்கும்மா.”

அவள் ஒரு படத்தின் அடியிலிருந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். “‘மனிதக் காலடியே படாத கரை.’ யார் எழுதினது?”

“நான்தான்,” என்றான் பெருமையாக. “சரி, எத்தனை டிக்கெட்?”

“டிக்கெட் வேண்டாம். அந்தக் கரை பழங்குடி ஜனங்களான எங்களோடது. எங்கம்மா பொறந்ததே அங்கதான். இந்த வருஷம் எந்தக் கப்பல்காரங்களை இறங்க விடலாம்னு பாத்துட்டு வர, எங்க ஜனங்க என்னை அனுப்பியிருக்காங்க. அங்க இறங்குறவங்க முதல்ல கரையைப் பாத்து உரக்கப் பேரைச் சொல்லணும். யார் வந்திருக்காங்கன்னு எங்க முன்னோருக்குத் தெரியணும் இல்லையா?”

கிளைவ் கூனிக்குறுகிப் போனான். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காருங்கம்மா. உங்க பேரு...”

“உள்ள வந்ததும் அதைச் சொல்லத்தான் நின்னேன்,” என்றாள் அவள், மீன்பிடிப் படகுத் தாளை அவன் பக்கமாக நகர்த்திக்கொண்டே.